மாரிகாலமும் மனைநலமும்

(சங்கத்தின் கார்த்திகை மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மாரிகால விடுமுறையிலே குடும்பத்தினர் நோய்நொடியின்றியும் மகிழ்ச்சியாகவும் இருப்பது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மேனாட்டாருக்குப் பனிக்காலம் எப்படியோ அப்படியே நமக்கு மாரி. கார்த்திகை விளக்கீடு தொடக்கம் தைப்பொங்கல் வரையுமுள்ள சொற்ப நாட்களுக்குள்ளே எத்தனை விசேடங்கள் வந்து குவிகின்றன! பிள்ளையார் கதை 21 நாள், திருவெம்பாவை 10 நாள், திருவாதிரை, பொங்கல், அடுத்த நாள் பட்டிப்பொங்கல். பள்ளிக்கூடம் விட்டிருக்கும். கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவர்களும், கடல் கடந்து வாழ்பவர்களும் ஊர் பார்க்க வருவார்கள். ஆண்டு முழுவதும் இருவர் மூவராய்க் கிடந்த வீடுகளிலே பத்துப் பேர் பாய் விரித்துப் படுப்பார்கள்.

இதே நாட்களிலேதான் நம்முடைய வைத்தியசாலைகளிலே காய்ச்சற்காரருக்குக் கட்டில் போதாமற் போகிறது. தென்மேற்கு மாகாணங்களிலே ஆனி ஆடியிலும் டெங்கு பெருகும். வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவமழையோடு வருவதே பெரிது. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவாகியது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். 2023 மார்கழியிலும் 2024 தையிலும் யாழ்ப்பாண மாவட்டம் பட்ட பாடு இங்கே இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். விசேட காலமும் வியாதிக் காலமும் ஒன்றாய் வருகின்றன என்பதே நான் சொல்ல வந்த விஷயம். இதை மனத்திலே பதித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

நாம் துப்புரவில்லாத சமூகத்தவரல்லர். பொங்கலுக்கு முந்திய நாட்களிலே நம் வீடுகளைப் பார்த்தால் அது தெரியும். சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், முற்றம் கூட்டி மெழுகுகிறோம், ஒட்டடை அடிக்கிறோம். ஆனால் அந்தத் துப்புரவு வருகிற நாள் எது? மார்கழி கடைசி. நுளம்போ கார்த்திகை முதல் மழையிலேயே தன் குடும்பத்தைப் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் விளக்குமாற்றைக் கையில் எடுக்கும்போது அது பல தலைமுறை கண்டுவிடும். அதுவுமன்றி, வீட்டுக்குள்ளே இருந்த பழஞ்சாமான்களையெல்லாம் எடுத்து எங்கே போடுகிறோம்? வேலியோரத்திலே. உடைந்த வாளி, ஓட்டைக் குடம், பழைய ரயர், பிளாஸ்ரிக் பேணி எல்லாம் அங்கே மழை நீரை ஏந்திக்கொண்டு கிடக்கின்றன. வீடு துப்புரவாகிறது, வளவு நுளம்புப் பண்ணையாகிறது.

டெங்கைப் பரப்புகிற நுளம்பு சாக்கடையை நாடுவதன்று. அதற்கு வேண்டியது தெளிந்த நீர், அதுவும் கொஞ்ச நீர். தேங்காய்ச் சிரட்டை, இளநீர்க் கோம்பை, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, சருகு அடைத்த கூரைப் பீலி, மூடாத நீர்த்தாங்கி, இவை போதும். விளக்கீட்டுக்கு ஏற்றிய சுட்டிகளை மதிலிலும் படலையிலும் கிணற்றுக் கட்டிலும் அப்படியே விட்டுவிடுகிறோமல்லவா? அடுத்த மழைக்கு அவையும் நிரம்பும். விளக்கு அணைந்த மறுநாட் காலையிலே அவற்றைக் கூட்டியெடுத்துக் கவிழ்த்து வைத்தால் அரை நாழிகை வேலை. "எங்கள் பக்கம் உப்புத் தண்ணி, அதிலே நுளம்பு வராது" என்று கரையோரத்து மக்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழையான எண்ணம். கைவிடப்பட்ட வள்ளங்களிலும் கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரிலும் இந்த நுளம்பு பெருகுகிறது என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. தண்ணீரை ஊற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். நுளம்பு முட்டையிடுவது நீருக்குள்ளே அன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரிலே ஒட்டி வைக்கிறது. அம்முட்டைகள் காய்ந்து கிடந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். சித்திரை வெயிலிலே காய்ந்த தொட்டி கார்த்திகை மழையிலே நனைந்ததும் குடம்பிகள் துள்ளுவது இதனாலேதான். ஆகையால் தொட்டியையும் வாளியையும் தேங்காய்ப் பொச்சுக் கொண்டு உரஞ்சிக் கழுவுதல் வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் செல்லும். வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் எந்த முட்டையும் சிறகு முளைக்கும் வரை பிழைக்காது.

வாரத்துக்கு ஒரு முறை என்றதும் புதிதாக ஒரு கடமையைத் தலையில் ஏற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவி விளக்கேற்றுகிற வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அந்த நாளிலே சுவாமி அறையிலிருந்து தொடங்கிப் பின்வளவு வேலி வரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். நம் முன்னோர் நுளம்பை எண்ணி வெள்ளிக்கிழமையை ஏற்படுத்தினார்கள் என்று சிலர் மேடைகளிலே சொல்லுவார்கள். எனக்கு அதிலே நம்பிக்கையில்லை. அவர்கள் எதை எண்ணியிருந்தாலும் சரி, ஏழு நாட் கணக்கு நமக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது; அதைப் பயன்படுத்துவோம். பயன்படுத்தாதவர்களுக்கு நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குத் தாக்கல் செய்யலாம்.

நுளம்பினாலே வரும் நோயை ஒழிக்கவே முடியாது என்று சோர்வடைய வேண்டியதில்லை. 1934, 35ஆம் ஆண்டுகளிலே மலேரியா இந்நாட்டிலே பல்லாயிரம் உயிரைக் கொண்டுபோயிற்று. அதே நாடு 2016 புரட்டாதியிலே மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. மலேரியா நுளம்பு வேறு, டெங்கு நுளம்பு வேறு என்பது உண்மையே. மலேரியா நுளம்பை அரசாங்கத்து ஆட்கள் வந்து மருந்தடித்து அடக்கினார்கள். இதுவோ நம் வீட்டிலேயே பிறந்து, நம் வீட்டிலேயே வாழ்ந்து, நம்மையே கடிப்பது. வீட்டுக்காரரே இறங்கினாலன்றி இது அடங்காது.

இந்த நுளம்பு கடிப்பது பகலிலே. சிறப்பாக விடிந்தபின் சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்னும். இரவிலே வலைக்குள் படுத்தால் போதும் என்றிருப்பது தகாது. விடுமுறையிலே பிள்ளைகள் பகல் முழுவதும் வீட்டிலும் வளவிலுமே விளையாடுகிறார்கள். மத்தியானம் திண்ணையிலே உறங்கும் சின்னப் பிள்ளைக்கு வலை பகலிலேதான் வேண்டும். வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால் அவருக்கும் அப்படியே. அவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்து அந்த வீட்டாரையெல்லாம் கடிக்கும் அல்லவா?

இனிக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லுகிறேன். தாய்மார்கள் தயவுசெய்து கவனமாகக் கேட்க வேண்டும்.

விசேட நாட்களிலே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "மழையிலே நனைந்தான், தடிமன்" என்று விட்டுவிடுகிறோம். பொங்கல் வருகிறது, வீட்டிலே ஆட்கள், வைத்தியசாலைக்கு யார் அலைவது? மாரிகாலத்திலே கடுங்காய்ச்சலென்றால் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மாத்திரமே, அதுவும் நிறைக்கேற்ற அளவிலே கொடுக்கலாம். அஸ்பிரின், புரூபன் முதலியன கூடவே கூடா. அவை இரத்தப் பெருக்கை உண்டாக்கும். குடிக்கக் கொடுப்பது வெறுந் தண்ணீராக இராமல் கஞ்சி, இளநீர், தோடம்பழச் சாறு, ஜீவனி என்பனவாக இருத்தல் நன்று. சிவப்புப் பானங்களை விலக்குங்கள். பிள்ளை சத்தியெடுத்தால் அது இரத்தமா பானமா என்று வைத்தியரும் மயங்க நேரும். பப்பாசி இலைச் சாறு கொடுக்கிறவர்களோடு இங்கே வாதாட நான் வரவில்லை. அதைக் கொடுத்துவிட்டோமென்று வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுகிறேன்.

யாவற்றிலும் முக்கியமானது இதுதான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கும். "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது" என்று வீட்டிலே எல்லாரும் ஆறுதல் அடைவார்கள். தண்ணீர் வார்த்து, நெற்றிக்குத் திருநீறிட்டு, கோயிலுக்குக் கூட்டிச் செல்ல ஆயத்தமாவார்கள். டெங்கிலே ஆபத்து வருவது பெரும்பாலும் அப்பொழுதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குவது காய்ச்சல் விடுகிற அந்த ஓரிரு நாட்களிலேயே. காய்ச்சல் விட்டபின் பிள்ளை உற்சாகமாகச் சாப்பாடு கேட்டால் நல்லது. அப்படியன்றி வயிற்று நோ, விடாத சத்தி, கைகால் குளிர்தல், சோர்ந்து உறங்குதல் அல்லது அமைதியின்றிப் புரளுதல், முரசிலோ மூக்கிலோ இரத்தம் கசிதல், ஆறு மணி நேரமாகச் சலம் போகாமை ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும், பொங்கற் பானை அடுப்பிலே கொதித்துக்கொண்டிருந்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். பானையை அயலவர் பார்த்துக்கொள்ளுவார்கள்.

வயலிலே இறங்குகிறவர்களுக்கு வேறொரு காய்ச்சல் உண்டு. 2024 மார்கழியிலே யாழ்ப்பாணத்திலே சிலர் காய்ச்சலால் அடுத்தடுத்து மாண்டபோது, இது என்ன புது வியாதி என்று ஊர் நடுங்கியது. பரிசோதித்தபோது அது பழைய எலிக்காய்ச்சல்தான். எலியின் சலம் கலந்த சேற்று நீர், காலிலுள்ள கீறல் வழியாக உடம்பினுள்ளே போகிறது. புண்ணோடு வயலில் இறங்காதீர்கள். வெள்ளத்திலே வெறுங்காலோடு விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டால், வயலில் இறங்கினேன் என்பதை வைத்தியரிடம் கேளாமலே சொல்லுங்கள். வயல் வேலைக்கு முன்னே தடுப்பு மாத்திரை எடுப்பதைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே கேட்டறியலாம்.

கிணற்று நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் நிலம் சுண்ணாம்புக் கல். மேலே விழுந்தது விரைவாகக் கீழே போகும், மலசலகூடக் குழியிலுள்ளதும் அப்படியே. 2025 கார்த்திகை இறுதியிலே டித்வா புயலோடு நாட்டிலே வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துக் குளோரீன் இடுவிக்கும் வரை அந்நீரை வாயில் வைக்கலாகாது. மாரி முடியும் வரை கொதித்தாறிய நீரே குடிப்போம். விருந்தினருக்கும் அதையே கொடுப்போம்.

விரதத்தைப் பற்றிப் பேசினால் பெரியோர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். நம் பெரியோரிலே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் பலர். பிள்ளையார் கதைக்கு 21 நாளும் ஒரு பொழுது இருப்பேன் என்று வைராக்கியம் கொள்ளுகிறார்கள். சிலர் விரதமென்று மாத்திரையையும் விடுகிறார்கள். சிலர் சாப்பாட்டை விட்டு மாத்திரையை விடாமல் எடுக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. பின்னையது அன்றைக்கே மயக்கத்திலே கொண்டுபோய் விடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் விரதம் என்று பாராமல் சீனி கரைத்த நீரை உடனே குடிக்கக் கொடுத்தல் வேண்டும். உணர்வு தப்பியவருக்கு வாயிலே எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். விரதம் தொடங்குமுன்னரே வைத்தியரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளுங்கள். இதிலே சமயத்துக்கு இழுக்கொன்றுமில்லை. நாவலர் பெருமானும் தமது சைவ வினாவிடையிலே விரத உணவை உத்தமம், மத்திமம், அதமம் என்று படி வைத்துக் காட்டியவர்தாம். அவரவர் உடம்புக்கு எட்டிய படியிலே நிற்கலாம். திருவெம்பாவைக்கு வைகறையிலே குளிர்ந்த நீரில் தோயும் வழக்கமும் அத்தகையதே. வாலிபருக்கு அது நல்ல உற்சாகம். தொய்வுள்ள கிழவருக்கு வெந்நீரும் கம்பளியும் வேண்டும்.

சுகத்தைச் சொன்னேன்; சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லுவதானால் அது வீட்டுப் பெண்களைப் பற்றிய பேச்சாகவே முடியும். இம்மாதங்களிலே வீட்டிலே முதலில் எழும்புபவர் யார்? கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? நாலு மணிக்கு எழுந்து கோயிலுக்குப் பிரசாதம் ஆயத்தமாக்கி, வந்து பத்துப் பேருக்குக் காலைச் சாப்பாடு வைத்து, உழுந்து ஊறப்போட்டு, பலகாரம் சுட்டு, இரவு கதை படிப்புக்கு மோதகம் அவித்து முடிய நடுச்சாமமாகிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரே யாருக்கும் சொல்லுவதில்லை. சொன்னால் சமையலுக்கு ஆளில்லை. விசேடம் முடிந்த மறுநாள் படுக்கையில் விழுகிறார். பொங்கலன்று முற்றத்திலே பானையில் முதற்பிடி அரிசி இடுபவர் குடும்பத் தலைவர். அது நல்ல வழக்கமே. ஆனால் பல வீடுகளிலே அந்த ஒரு பிடியோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது!

ஆகையினால் நான் மேலே சொன்ன வெள்ளிக்கிழமைச் சுற்று, வாளி உரஞ்சல், பீலி துப்புரவு, நீர் கொதிக்கவைத்தல் ஆகிய இவற்றையும் தாய்மார் தலையிலே சுமத்தும் உத்தேசம் எனக்கில்லை. இது ஆண்களின் வேலை, பையன்களின் வேலை. ஏணி வைத்துப் பீலிக்கு ஏறப் பதினெட்டு வயதுப் பையன் இருக்கையிலே அம்மா ஏன் வேலியோரம் குனிந்து சிரட்டை பொறுக்க வேண்டும்? விருந்தாக வந்த மைத்துனரும் ஒரு வாளியைக் கவிழ்க்கலாம். அதனாலே மரியாதை குறையாது. நாளுக்கு ஒரு நேரச் சமையலாவது ஆண்கள் பொறுப்பேற்றால் அந்த வீட்டிலே பொங்கல் எவ்வளவு இனிக்கும் என்பதைச் செய்து பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

கடன்பட்டுக் கொண்டாடாதிருத்தல், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதிருத்தல் பற்றி இச்சங்கத்திலே பலமுறை பேசப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை. வெளிநாட்டு உறவினர் கொண்டுவருகிற சாமான்களை ஒரு பிள்ளைக்கு முன் மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதிருப்பது நல்லது. விடுமுறைச் சண்டைகளிலே பாதி அங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு சாராரும் இருக்கிறார்கள். இக்காலத்திலே எல்லா வீட்டிலும் விளக்கு எரிவதில்லை. 2004 டிசம்பர் 26 எத்தனை கரையோர வீடுகளை வெறுமையாக்கியது! போரிலே பிள்ளைகளை இழந்த வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் இருந்தும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, இங்கே தனித்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். பொங்கலன்று தொலைபேசி மணி அடிக்கும். ஐந்து நிமிடத்திலே முடியும். பின்பு அந்த நாள் முழுவதும் என்ன? அவர்கள் வீட்டிலே பொங்காவிட்டாலும், நம் வீட்டுப் பானையிலிருந்து ஒரு தலைவாழையிலைப் பொங்கல் அங்கே போகலாம். கொண்டுபோகிறவர் படலையில் கொடுத்துவிட்டு ஓடாமல் அரை மணி நேரம் இருந்து பேசினால், அவர் மருந்து எடுக்கிறாரா, காய்ச்சல் குணமிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நமது சங்கத்து வாலிபர்களிடம் ஒன்று கேட்கிறேன். திருவெம்பாவைக் காலத்திலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க நீங்கள் ஒவ்வோர் ஒழுங்கையாகப் பாடிச் செல்லுகிறீர்கள். எந்த வீட்டிலே யார் இருக்கிறார், எது பூட்டிக் கிடக்கிறது என்பது உங்களைப்போல் வேறெவர்க்கும் தெரியாது. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக்கிடக்கும் வீடுகளின் தாங்கியும் பீலியும் மூடாக் கிணறும் ஒழுங்கை முழுவதற்கும் நுளம்பு வளர்த்துக் கொடுக்கின்றன. அவ்வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காரியதரிசி அவர்கள் சொந்தக்காரருக்கு எழுதி அனுமதி பெறுவார். சம்மதம் வராதவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்போம். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க மண்டபத்து முற்றத்திலே கூடி, நால்வர் நால்வராய்ப் பிரிந்து, தனித்திருக்கும் முதியோர் வளவுகளிலிருந்து தொடங்குவதென்று தலைவர் அவர்களோடு பேசியிருக்கிறேன். ஏணியும் மண்வெட்டியும் சங்கத்திலே உண்டு. பொச்சு மாத்திரம் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்; நீளக் காற்சட்டை அணிந்து வாருங்கள், அந்த நேரந்தான் அது கடிக்கிற நேரம்.